நாளைக்கு வைக்காத பாத்திரம்

கி.மு. 103 வாக்கில் ஏழு தமிழ்ப் படைத்தலைவர்கள் இலங்கையின் மாதோட்டத்துறையில் இறங்கி அனுராதபுரத்தின் மீது படையெடுத்தார்கள். அரசன் வட்டகாமணி தோற்று ஓடினான். தேரின் பாரம் குறையட்டும் என்று அரசி சோமாதேவியை வழியில் இறக்கிவிட்டு ஓடினான் என்கிறது மகாவம்சம். வென்றவர்களில் ஐந்து பேர் அங்கேயே இருந்து ஒருவர் பின் ஒருவராக ஆண்டார்கள். ஒருவர் சோமாதேவியைக் கவர்ந்துகொண்டு கடல் கடந்தார். ஏழாமவருக்கு நாடும் வேண்டாம், பெண்ணும் வேண்டாம். நகரத்தில் போற்றிக் காத்துவந்த ஒரு பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மனநிறைவோடு அக்கரைக்குத் திரும்பினார். புத்தர் பிச்சை ஏற்ற பாத்திரம் அது என்பது மரபு.

அந்தப் பாத்திரத்தின் கதையைத் திருவண்ணாமலையில் இருந்துகொண்டு எழுதுகிறேன். இங்கே 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எந்த இடத்தில் நின்று பார்த்தாலும், காவி வேட்டியும் பக்கத்தில் ஒரு ஏனமுமாக யாராவது உட்கார்ந்திருப்பார்கள். சிலரிடம் கறுத்த திருவோடு, சிலரிடம் எவர்சில்வர் தூக்கு, சிலரிடம் மூடி தொலைந்த பிளாஸ்டிக் டப்பா. உள்ளூர்க்காரர்கள் பார்த்துப் பார்த்து அதைக் கவனிப்பதையே விட்டுவிட்டார்கள். சிவனுடைய ஊர் இது. கையில் ஓடு என்றால் பிச்சை ஏற்கும் சிவனாகிய பிட்சாடனர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் ஓடு ஏந்துவதை நாள் தவறாத ஒரு பயிற்சியாக, விதி மேல் விதி வைத்துச் செதுக்கியவர்கள் பௌத்தர்கள். நாளை என்ன ஆகுமோ என்ற பயத்தில் மனிதன் நிலைகுலையாமல் இருக்க அவர்கள் கண்ட வழிகளில் தியானத்தைப் பற்றிப் பேச எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஓட்டைப் பற்றிப் பேச ஆள் குறைவு. எனக்கோ இரண்டில் ஓடுதான் பெரிதாகப் படுகிறது.

மரபுக் கதை கயையில் தொடங்குகிறது. ஞானம் பெற்ற பின் வாரக்கணக்கில் ஒன்றும் உண்ணாதிருந்த புத்தருக்குத் தபுஸ்ஸர், பல்லிகர் என்ற இரண்டு வணிகர்கள் மாவும் தேனும் கொண்டுவருகிறார்கள். வாங்கிக்கொள்ள அவரிடம் ஏனம் இல்லை. நான்கு திசைக் காவல் தெய்வங்களும் ஆளுக்கொரு கல் பாத்திரத்தை நீட்ட, யார் மனமும் நோகாதபடி நான்கையும் வாங்கி ஒன்றாக அழுத்தினாராம். பாத்திரம் ஒன்றாயிற்று, விளிம்பில் நான்கு கோடுகள் மட்டும் நின்றன. இந்தக் கோடுகளைப் பல நூற்றாண்டு கழித்து ஒரு சீனர் பார்க்கப் போகிறார்.

துறவிகளின் சங்கம் பெருகியபோது பாத்திரத்துக்குச் சட்டம் வந்தது. இரும்பு, மண் இரண்டுக்குத்தான் அனுமதி. பொன், வெள்ளி, செம்பு, கண்ணாடி, மரம் எதுவும் கூடாது. உபரியாக ஒன்று கைக்கு வந்தால் பத்து நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இருப்பதில் ஐந்து இடத்திலாவது ஒட்டுப் போட்டிருந்தால்தான் புதிது கேட்கலாம். கழுவியதை ஈரத்தோடு எடுத்து வைக்கக் கூடாது; வெயிலில் கொஞ்சம் காயவிடலாம், வெயிலிலேயே விட்டுவிடக் கூடாது. திண்ணை விளிம்பில் வைக்கக் கூடாது. கையில் பாத்திரம் இருக்கும்போது கதவைத் தள்ளக் கூடாது. கடுந்தவம் ஏற்றவர்கள் வீடு தாண்டிப் போகக் கூடாது; நல்ல சாப்பாடு கிடைக்கும் வீட்டை நோக்கி எட்டி நடக்காமல், தெருவில் வரிசையாக எல்லா வாசலிலும் நிற்க வேண்டும். விழுந்ததைக் கிளறிப் பொறுக்காமல் ஒரு பக்கத்திலிருந்து உண்ண வேண்டும். உண்ணும்போது பார்வை பாத்திரத்தில் இருக்க வேண்டும். உச்சிப்பொழுதுக்குப் பிறகு உணவில்லை. மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைப்பதும் இல்லை.

படிக்கும்போது அற்ப விஷயங்களாகத் தோன்றும். மனம் அலைமோதிக் கிடக்கும் நாட்களில் பெரிய தத்துவங்கள் ஒன்றும் கைக்கு எட்டுவதில்லை. கை அடுத்ததாகச் செய்ய வேண்டிய வேலை எட்டும். கழுவு, துடை, எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கு, முதல் வாசலில் நில். ஒரு துறவியின் நாளைத் தாங்கிப் பிடிக்க இவ்வளவு போதும் என்று அந்தச் சட்டங்களை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏன் மரப் பாத்திரம் கூடாது என்பதற்கு துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூல் ஒரு கதை சொல்கிறது. ராஜகிருகத்தில் ஒரு செல்வன் விலை உயர்ந்த சந்தனக் கட்டையில் பாத்திரம் கடைந்து, அதை உயர்ந்த கழிமேல் கட்டித் தொங்கவிட்டான். சித்தி பெற்றவர் யாராக இருந்தாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தான். பிண்டோல பாரத்துவாசர் என்ற பிக்கு ஆகாயத்தில் எழும்பி அதை எடுத்தார். ஊரை மூன்று முறை சுற்றியும் காட்டினார். கூட்டம் ஆரவாரித்துக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தது. புத்தர் அவரைக் கடிந்துகொண்டார். ஒரு கேவலமான மரச்சட்டிக்காக இல்லறத்தார் முன் வித்தை காட்டினாயே என்று கேட்டு, பாத்திரத்தை உடைத்துத் தூளாக்கி, கண் மருந்துக்குச் சந்தனப்பொடியாகப் பங்கிடச் சொன்னார். வித்தையால் எடுத்த ஓட்டுக்கு எதிரே கொடுப்பவர் என்று ஒருவர் இல்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நான் நினைக்கிறேன்.

பாத்திரம் ஊருக்கே உதவிய நிகழ்ச்சி வைசாலியில் நடந்ததாகப் பாலி உரைகள் சொல்கின்றன. மழை பொய்த்தது. பஞ்சம் வந்தது. செத்தவர்களை எடுத்துப் போட ஆளில்லாமல் கொள்ளைநோய் பிடித்தது. நகரத்தார் அழைக்க, புத்தர் கங்கையைக் கடந்து வந்தார். சீடர் ஆனந்தருக்கு ரத்தின சூத்திரத்தைச் சொல்லிக் கொடுத்து, அந்நகரை ஆண்ட லிச்சவி இளவரசர்களோடு நகரைச் சுற்றி ஓதச் சொன்னார். ஆனந்தர் புத்தரின் பாத்திரத்தில் நீர் மொண்டு, தெளித்துக்கொண்டே மதில்களுக்குள் இரவெல்லாம் நடந்தார். அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்பதை நம்புகிறவர்கள் அறிவார்கள். என் கண்ணுக்குத் தெரிவது வேறு. சாவுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சுருண்டு கிடந்த குடும்பங்கள், தெருவில் மனிதக் குரலும் காலடியும் தங்கள் வாசலைக் கடந்து போவதை அன்றிரவு கேட்டிருக்கும். தினமும் சோறு வாங்க வந்த பாத்திரம் அன்றைக்குக் கொடுக்க வந்தது.

இலங்கையின் பிரித் ஓதலுக்கு மூலம் இதுதான். இன்றைக்கும் வீட்டில் நோய், பிள்ளைப்பேறு, புதுமனை என்று எதுவானாலும் சிங்கள பௌத்தர்கள் பிக்குகளை அழைத்து இரவு முழுக்க ஓதச் செய்கிறார்கள். ஒரு நூலை எல்லார் கையிலும் ஓடவிட்டுப் பிடித்துக்கொள்கிறார்கள். விடிந்ததும் ஓதிய நீரைப் பருகி, நூலை மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள். கொரோனா காலத்திலும் விகாரைகளில் ஓதியது அதே ரத்தின சூத்திரத்தைத்தான்.

மகாவம்சத்தின்படி, தேவானம்பிய திஸ்ஸன் காலத்தில், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், அசோகனிடமிருந்து சுமணர் என்ற இளந்துறவி வழியாகப் பாத்திரம் இலங்கைக்கு வந்தது. அதைத்தான் நம் ஏழாம் தலைவர் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் போன அந்த ஆண்டுகளிலேயே தீவைக் கொடிய பஞ்சம் தாக்கியது. துறவிகள் பலர் தோணியேறித் தமிழ்க்கரைக்கு வந்துவிட்டார்கள். போகாமல் தங்கிய சிலர் மலைநாட்டில் கிழங்கும் தழையும் தின்று கிடந்தார்கள். உடம்பில் தெம்பு இருந்தபோது உட்கார்ந்து சூத்திரங்களை ஓதினார்கள். உட்கார முடியாமல் போனதும் மணலைக் குவித்துத் தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டே ஓதினார்கள் என்று உரைநூல்கள் சொல்கின்றன. பிச்சை போட ஊரே இல்லை. ஆனால் மறந்துபோகக் கூடாதது ஒன்று அவர்கள் நாவில் இருந்தது. பஞ்சம் தீர்ந்து அக்கரையிலிருந்து திரும்பியவர்களும் இவர்களும் ஒப்பிட்டுப் பார்த்தபோது ஓர் எழுத்துகூடப் பிசகவில்லையாம். இப்படி இன்னொரு பஞ்சம் வந்தால் ஓதுகிறவர்களோடு எல்லாம் போய்விடும் என்ற அச்சத்தில்தான், மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் ஏறியது. இன்று உலகம் படிக்கும் பாலி நூல்கள் அந்த மணற்குவியல்களுக்குக் கடன்பட்டவை.

பாத்திரமும் அனுராதபுரத்துக்குத் திரும்பியது. கி.பி. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உபதிஸ்ஸன் ஆண்டபோது பஞ்சமும் நோயும் மறுபடி வந்தன. வைசாலியில் நடந்ததைத் துறவிகள் அரசனுக்கு எடுத்துச் சொன்னார்கள். பொன்னால் புத்தர் உருவம் செய்து, அதன் கையில் நீர் நிறைத்த அந்தக் கல் பாத்திரத்தை வைத்துத் தேரில் ஏற்றினார்கள். துறவிகள் ரத்தின சூத்திரம் ஓதி நீர் தெளித்தபடி போக, அரசனும் அவர்களோடு விடியவிடியத் தெருத்தெருவாக நடந்தான். மழை பெய்தது என்கிறது மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம். இனி எப்போது பஞ்சம் வந்தாலும் இப்படியே செய்யுங்கள் என்று அரசன் ஆணையிட்டான். பிற்காலத்தில் புத்தரின் பல்லும் பாத்திரமும் யாரிடம் இருக்கின்றனவோ அவரே அரசர் என்ற நிலை வந்தது. 13ஆம் நூற்றாண்டில் கலிங்க மாகன் படை வந்தபோது துறவிகள் இரண்டையும் கொத்மலையில் மண்ணுக்குள் புதைத்துவிட்டுத் தமிழகத்துக்குத் தப்பினார்கள்.

ஆனால் உபதிஸ்ஸன் நடந்த அதே தலைமுறையில், இதே பாத்திரம் புருஷபுரத்தில் இருந்தது. இன்றைய பெஷாவர். சீனத் துறவி பாகியான் அங்கே கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்: பல நிறம் கலந்து கறுப்பு தூக்கலாக, பளபளப்பாக, விளிம்பில் நான்கு கோடுகள் தெளிவாகத் தெரியும்படி இருந்தது. எழுநூறு துறவிகளுக்கு மேல் இருந்த மடத்தில் உச்சிவேளை நெருங்கும்போது அதை வெளியே எடுத்து வணங்கிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஏழை நாலு பூவைப் போட்டால் நிறைந்துவிடும்; பெரும் செல்வன் ஆயிரக்கணக்கான மரக்கால் பூவைக் கொட்டினாலும் நிறையாது. முன்பு ஓர் அரசன் படையோடு வந்து அதைக் கொண்டுபோகப் பார்த்தானாம். யானை மேல் ஏற்றினான், யானை மண்டியிட்டுவிட்டது. நான்கு சக்கர வண்டியில் வைத்து எட்டு யானை பூட்டினான், அசையவில்லை. தனக்கு இன்னும் வேளை வரவில்லை என்று புரிந்துகொண்டு அங்கேயே தூபியும் மடமும் கட்டி வைத்துவிட்டுப் போனான்.

எது மெய்யான பாத்திரம் என்ற கேள்வி அந்தக் காலத்துப் பக்தர்களை உறுத்தியதாகத் தெரியவில்லை. என்னையும் அது உறுத்தவில்லை. பின்னாளில் கந்தகாரில் ஒரு பள்ளிவாசலில் பிரம்மாண்டமான கல் கொப்பரை ஒன்று இருந்தது. அதன்மேல் அழகிய இஸ்லாமிய எழுத்து வரிகள். அதுவே புருஷபுரத்துப் பாத்திரம் என்று 19ஆம் நூற்றாண்டில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் கருதினார். இப்போது அது காபூல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2014இல் இந்தியத் தொல்லியல் துறை வல்லுநர்கள் போய் ஆராய்ந்தார்கள். ஒரு மனிதர் தூக்கிக்கொண்டு பிச்சைக்குப் போகக்கூடிய அளவா அது என்று பார்த்தாலே ஐயம் வரும். ஆயினும் போர் மேல் போராக வந்த ஊர்களில், மதம் மாறிய பிறகும் யாரோ அதைப் போற்றி வைத்திருந்தார்கள்.

இலங்கையில் இருந்தபோது பாகியான் இன்னொன்று கேட்டார். இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு துறவி உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து பாத்திரத்தின் வருங்காலப் பயணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் வைசாலி, இப்போது காந்தாரம், சில நூறு ஆண்டு கழித்து மேற்கே, அப்புறம் கோத்தான், கூச்சா, சீனம், சிங்களம், திரும்ப மத்திய இந்தியா. அங்கிருந்து துஷித உலகம். வரப்போகும் புத்தராகிய மைத்ரேயர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். தர்மம் தேய்ந்து மனிதர் ஒருவரை ஒருவர் வெட்டி மாயும் காலம் ஒன்று வரும். காட்டுக்குள் ஒளிந்து பிழைத்த சிலர் மறுபடி கூடி வந்து இனி நல்லது செய்வோம் என்று தொடங்குவார்கள். பின்பு மைத்ரேயர் வருவார். பாத்திரம் நான்காகப் பிரிந்து தன் பழைய இடத்துக்குப் போகும். பாகியான் அதை எழுதிக்கொள்ள விரும்பினார். இது நூலில் இருப்பதன்று, வாயால் சொல்வது மட்டுமே என்றார் அந்தத் துறவி. எதிர்காலம் இருண்டிருக்கிறது என்பதை மறைக்காமலே அதற்கு அப்பாலும் ஒரு பாதை போட்டுக் காட்டும் இந்தக் கதையைப் போல் ஆறுதலான ஒன்றை நான் அதிகம் படித்ததில்லை.

தமிழ் தன் பாத்திரத்தை வேறு வகையில் செய்துகொண்டது. மணிமேகலையின் அமுதசுரபி எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே அறிந்தது. அது கைமாறிய வரலாற்றில் ஒரு பகுதியை மட்டும் நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். பன்னிரண்டு ஆண்டு மழையில்லாத பாண்டிய நாட்டில், மதுரைக் கோயில் ஒன்றில் படுத்திருந்த ஆபுத்திரன், நள்ளிரவில் வந்து எழுப்பிய பசித்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் கலங்கியபோது அந்தக் கோயில் தெய்வமான சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத ஓட்டைத் தந்தாள். அவன் ஊருக்கே ஊட்டினான். பிறகு இந்திரன் மழையைப் பெய்வித்தான். நாடு செழித்தது, பசித்தவர் யாரும் வரவில்லை. கையில் வற்றாத பாத்திரம், ஏற்க ஆளில்லை. ஆபுத்திரன் ஊர் ஊராகப் பசித்தவரைத் தேடிப் போனான். பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். சாவகத்தில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் கால் வைத்தவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவில் தான் மட்டும் தின்று உயிர்வாழ அவனுக்கு மனமில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் வெளியே வா, தகுந்த கை கிடைத்தால் போய்ச் சேர் என்று சொல்லிக் கோமுகிப் பொய்கையில் ஓட்டை விட்டான். உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தான். வாங்க ஆளில்லாத ஓடு கொடுப்பவனையும் கொன்றுவிடும் என்பதை மணிமேகலை பாடிய சாத்தனாரைப் போல் உணர்ந்து எழுதியவர் நம்மிடம் வேறு யாரும் இல்லை.

வைகாசிப் பௌர்ணமியில் வெளிவந்த பாத்திரம் மணிமேகலை கைக்கு வந்தது. புகாரில் ஆதிரை இட்ட முதல் பிச்சையோடு அது வேலையைத் தொடங்கியது. சிறைச்சாலைக்குள் போனது, சிறை அறக்கோட்டமாயிற்று. கடைசியில் பஞ்சம் பிடித்த காஞ்சிக்கு வந்து, புத்த பீடிகையில் அமர்ந்து, பதினெட்டு மொழி பேசுகிறவர்களுக்கும், பார்வையற்றவர்களுக்கும், கால் இழந்தவர்களுக்கும், ஆதரவற்றவர்களுக்கும் சோறிட்டது. மணிபல்லவம் என்று கருதப்படும் நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. குறிகாட்டுவானில் படகேறிப் போகிறவர்களுக்கு அம்மன் கோயில் அன்னதானம் இன்றும் அமுதசுரபி என்ற பெயரிலேயே நடக்கிறது.

காஞ்சியிலிருந்து திருவண்ணாமலை நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பௌத்தர் ஓடும் சைவர் ஓடும் முட்டிக்கொண்டது அந்தக் காஞ்சியில்தான். அதை நாடகமாக்கியவர் ஓர் அரசர். 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில் ஒரு காபாலிகனின் மண்டையோட்டுப் பாத்திரம் காணாமல் போகிறது. அந்த வழியாக வந்த நாகசேனன் என்ற பிக்குதான் திருடிவிட்டான் என்று காபாலிகன் மடியைப் பிடிக்கிறான். பிக்கு தன் பாத்திரத்தை எடுத்துக் காட்டுகிறான். அதுதான் இது, நிறத்தை மாற்றிவிட்டாய் என்கிறான் காபாலிகன். கடைசியில் ஒரு நாய் கவ்விக்கொண்டு போனதை ஒரு பைத்தியக்காரன் மீட்டுக் கொண்டுவருகிறான். சீனப் பயணி யுவான் சுவாங் 640 வாக்கில் திராவிட நாட்டைப் பற்றி எழுதும்போது நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களையும் பத்தாயிரம் துறவிகளையும் சொல்கிறார். பிற்பாடு அந்த மடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. காஞ்சி இளவரசர் என்று மரபு சொல்லும் போதிதருமரின் அங்கியும் ஓடும் சீனத்தில் குருவிடமிருந்து சீடருக்குக் கைமாறின. ஜென் மடங்களில் இன்றும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்களில் உண்டு, வெந்நீர் ஊற்றி அலசி, அந்த நீரையும் குடித்துவிட்டுத்தான் துணியில் முடிகிறார்கள். தமிழ்நாட்டில் மடம் போனாலும் ஓடு நின்றது. வேறு கைகளுக்குப் போனது.

திருவண்ணாமலையில் நாம் பார்க்கும் கறுத்த திருவோட்டின் பயணமே ஒரு தனிக்கதை. அசல் திருவோடு சேஷெல்ஸ் தீவுகளின் கடல்தேங்காய். பிரஸ்லின், குரியூஸ் என்ற இரண்டு தீவுகளில் மட்டும் இயல்பாக வளரும் பனை வகை அது. காய் முற்ற ஆறேழு ஆண்டு ஆகும். உலகத்திலேயே பெரிய விதை. உயிருள்ள காய் கனம் தாங்காமல் கடலில் மூழ்கிவிடும். உள்ளே இருப்பது அழுகிக் கூடானால்தான் மிதக்கும். அப்படி மிதந்து மாலத்தீவுக் கரையிலும் நம் கரையிலும் ஒதுங்கியதைத்தான், மரம் எங்கே இருக்கிறதென்றே தெரியாத காலத்தில், துறவிகளும் பக்கிரிகளும் இரண்டாகப் பிளந்து ஏந்தினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1768இல்தான் மரத்தைக் கண்டார்கள். இப்போது அது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள், விலையும் அதிகம். அதனால் பலர் கையில் இருப்பது திருவோட்டு மரத்தின் காய். அந்த மரமும் அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து இங்கே வேரூன்றியதுதான். அதுவும் கிடைக்காதவர்களுக்குக் கொட்டாங்குச்சி.

1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊருக்கு வந்து சேர்ந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையனிடம் அதுகூட இல்லை. மிச்சமிருந்த மூன்றரை ரூபாயையும் பலகாரப் பொட்டலத்தையும் அய்யங்குளத்தில் எறிந்துவிட்டுக் கோயிலுக்குள் போனவர் அவர். பின்னால் பகவான் ரமணர் ஆனவர். தொடக்கத்தில் வீட்டு வாசலில் நின்று கையைத் தட்டுவார். கூழோ சோறோ இரண்டு உள்ளங்கையிலும் வாங்கி நடந்துகொண்டே சாப்பிட்டு, தலையில் துடைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு அரசர்களும் எளியவர்களாகத் தெரியும் நிலை அது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1905 வாக்கில் பிளேக் வந்து ஊர் காலியானபோது ஆறு மாதம் பச்சையம்மன் கோயிலில் தங்கினார். விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில் உடன் இருந்தவர்கள் பிச்சைக்குத் தெருவில் இறங்குவார்கள். பாடிக்கொண்டு போக ஒரு பாட்டு வேண்டும் என்று அவர்கள் கேட்டதால் பிறந்ததுதான் அருணாசல அக்ஷரமணமாலை. உலகமெங்கும் பக்தியோடு பாடப்படும் அந்தப் பாட்டு, சோறு கேட்டுப் போனவர்களின் வழித்துணையாக எழுதப்பட்டது. அதைக் கேட்டதும் வீடுகளில் பாத்திரம் நிறைய இட்டார்கள். ஓய்ந்த நேரங்களில் ரமணர் கொட்டாங்குச்சியைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணமும் கரண்டியும் செய்வார்.

அப்புறம் 1959இல் வந்தவர் யோகி ராம்சுரத்குமார். கங்கைக்கரைப் பிள்ளை. புன்னை மரத்தடியிலும் தேரடியிலும் படுத்துக் கிடந்தார். ஒரு கையில் பனையோலை விசிறி, ஒரு கையில் சிரட்டை. தன்னைப் பிச்சைக்காரன் என்றே சொல்லிக்கொண்டார். ஊர் அவரை விசிறி சாமியார் என்றது. 2001இல் மறையும்வரை அந்தப் பெயர்களை மாற்றிக்கொள்ளவில்லை. இவர்கள் இருவரையும் பௌத்தர் என்று சொல்ல மாட்டேன். அது இருவருக்கும் நியாயமாகாது. பிக்கு ஓட்டோடு செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள் என்பதை மட்டும் சொல்வேன்: வாசலில் நின்றார்கள், விழுந்ததை உண்டார்கள், நாளைக்கு வைக்கவில்லை.

இதில் கொடுப்பவருக்கு என்ன இருக்கிறது? 2007 செப்டம்பரில் மியான்மர் காட்டியது. பிக்குகள் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பிடித்தபடி தெருவில் நடந்தார்கள். இராணுவ ஆட்சியாளரிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் இனிப் பிச்சை ஏற்பதில்லை என்பது அதன் பொருள். விநயத்தில் புத்தர் காலத்திலேயே உள்ள தண்டனை அது. துப்பாக்கி வைத்திருந்த அரசு வெறும் ஓடு கவிழ்ந்ததற்கு அவ்வளவு அஞ்சியது, ஏற்பவர் இல்லையென்றால் கொடுப்பவருக்குக் கதியில்லை என்று அந்த நாட்டில் ஒவ்வொரு தாயும் நம்புவதால்தான். காலையில் ஒரு கரண்டி சோறு எடுத்து வாசலில் காத்து நிற்கும் பெண்ணுக்கு, நேற்று போலவே இன்றும் அவர் வருவார் என்ற உறுதியே நாளின் முதல் ஊன்றுகோல். திருவண்ணாமலைக்கும் இது பொருந்தும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோயில் கதவு மூடியபோது இந்த ஊர் அதைக் கண்டது. பௌர்ணமி கிரிவலம் இரண்டு ஆண்டு நின்றுபோனது. 2022இல்தான் மறுபடி தொடங்கியது. பக்தர் கூட்டத்தை நம்பி வாழ்ந்த ஊர் முழுக்க வெறிச்சோடியது: பூக்கடை, ஆட்டோ, விடுதி, டீக்கடை எல்லாம். பாதையில் உட்கார்ந்திருந்தவர்கள் போக இடமில்லாமல் அங்கேயே இருந்தார்கள். வருமானம் இழந்த குடும்பங்களும் ஆசிரமங்களும் இளைஞர்களும் சோற்றைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தானே கடனில் இருக்கிறவர் எதற்காக இன்னொருவருக்குப் பொட்டலம் கட்டினார் என்று கேட்டால், ஆபுத்திரன் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். 2024 டிசம்பர் 1 அன்று புயல் மழையில் மலைச்சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். காவல் தெய்வமாகக் கும்பிட்ட மலையே அப்படிச் செய்த பிறகு எதைப் பிடித்துக்கொள்வது என்ற கேள்வி ஊரில் பலருக்கு எழுந்திருக்கும். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. மறுநாளும் அடுப்பு மூட்டிச் சோறு வடித்தவர்களை மட்டும் என்னால் காட்ட முடியும்.

இந்த மண்ணில் அந்த அடுப்பு புதிதல்ல. வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று மூட்டியது இன்னும் எரிகிறது. பத்து ஆண்டுக்குள் 1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோதும் அது அணையவில்லை. திருவண்ணாமலைக் கோயிலில் இப்போது அறநிலையத் துறையின் நாள் முழுதும் அன்னதானம். ரமணாசிரமத்தில் காலை 11 மணி வாக்கில் வாசலில் சாதுக்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஓடு, தூக்கு, தட்டு, டப்பா என்று எது இருந்தாலும் அதில் சோறு விழுகிறது. எல்லோரும் வாங்கிக்கொண்ட பிறகுதான் 11.30க்கு உள்ளே பந்தி போடுகிறார்கள்.